காகிதத்தில் இருக்கிறது உங்கள் இதயம்!

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். "இவருக்கு ஹார்ட் அட்டாக் வந்துட்டுப் போச்சு டாக்டர். ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்க விடறதில்ல. இதயத்துக்குப் பலமா ஏதாவது லேகியம் குடுங்க" என்றார் மனைவி.

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் எழுதும் இடத்தில் 'நெஞ்சு வலி' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் 'ஆர் 07.4' என்று ஓர் எண். உள்ளே இருந்த எக்கோ ரிப்போர்ட்டோ வேறு கதை சொன்னது. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் வீக்கம், கொஞ்சம் நீர். இதற்கு 'பெரிகார்டைட்டிஸ்' என்று பெயர். ரத்தக்குழாய் அடைத்து வருகிற மாரடைப்பு வேறு, இது வேறு.

இந்த நோயில் வலி குத்துவது போல் இருக்கும். மல்லாந்து படுத்தால், மூச்சை இழுத்தால் கூடும். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். அதற்காக நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். திடீர் நெஞ்சு வலி என்றால் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்னைப் போன்ற சித்த மருத்துவரிடம் அப்புறம் வரலாம்.

சரி, அந்த எண் எதற்கு? உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்ப்பதும், அரசாங்கம் நோய்க் கணக்கு எடுப்பதும் அதை வைத்துத்தான். திடீரென்று வரும் இதய உறை அழற்சிக்கு ஐ 30. கிருமியால் வந்தால் ஐ 30.1. காசநோயால் வந்தால் ஏ 18.8, ஐ 32.0 என இரண்டு எண்கள். ருமாட்டிக் காய்ச்சலால் என்றால் ஐ 01.0.

இதில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஐ 30.0 என்றால் காரணம் தெரியாத வகை என்று டாக்டரே எழுதியிருக்கிறார் என்று பொருள். ஐ 30.9 என்றால் எந்த வகை என்றே எழுதவில்லை. தேடிப் பார்த்துக் கிடைக்காததும், எழுதாமலே விட்டதும் ஒன்றாகுமா? எண் போடுகிறவர் டாக்டர் அல்ல. டாக்டர் எழுதியதைத்தான் அவர் எண்ணாக மாற்றலாம். ஊகித்துப் போட முடியாது.

இது வெறும் குமாஸ்தா வேலை என்று நினைக்காதீர்கள். முதல் தடவை வந்தவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இது திரும்ப வருகிறது. அடுத்த முறை ராத்திரி இரண்டு மணிக்கு வேறு ஊரில் வலித்தால், அங்கே இருக்கும் டாக்டருக்கு இந்தக் காகிதம்தான் பேசும். காசநோயைக் கவனிக்காமல் விட்டால் உறை தடித்து இறுகி இதயத்தையே நெரிக்கலாம்.

எங்கள் வைத்தியர்களும் யோக்கியமில்லை. துண்டுச் சீட்டில் மருந்தை எழுதி அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்! 2017-ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் 'நமஸ்தே' என்ற இணையதளத்தில் சித்த நோய்ப் பெயர்களுக்கும் எண்கள் கொடுத்துவிட்டது. 2024 ஜனவரியில் உலக நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பிலும் சித்தம் இடம் பிடித்தது. இனி எங்களுக்கும் சாக்கு இல்லை.

அந்தத் தம்பதியை லேகியம் கொடுக்காமல் இதய மருத்துவரிடமே திருப்பி அனுப்பினேன். "என்ன நோய், என்ன காரணம், மருந்து எத்தனை நாள்? மூணையும் எழுதித் தரச் சொல்லுங்கம்மா" என்றேன். பரிசோதனைகள் செய்து, முழுசாக எழுதிக் கொடுத்திருந்தார் அவர். "அட்டாக் இல்லியாம் டாக்டர்!" என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசகர்களே, டிஸ்சார்ஜ் அன்று பில்லை மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறோம். நோயின் பெயர் எழுதிய வரியை ஒரு தடவையாவது படிக்கிறோமா? புரியாவிட்டால் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். அது உங்கள் உடம்பு, உங்கள் காகிதம்!