தொடுகிற கைக்கும் ஒரு பேர் உண்டு

மறைமலை நகரில் நான் உட்கார்ந்திருக்கும் வங்கிக் கவுண்டருக்குப் போன மாசம் ஓர் இளைஞர் வந்தார். மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. தமிழக அரசு 2000 ரூபாயாக உயர்த்திய பராமரிப்பு உதவித்தொகை கணக்கில் ஏறவில்லை என்று கேட்க வந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவந்த பெண்ணைப் பார்த்து, “இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாம்மா?” என்றேன்.

அந்தப் பெண் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். “அவருகிட்டயே கேளுங்க சார். பேசுவாரு. கொஞ்சம் நேரமாவும்.”

நேரமானது. வரிசை முணுமுணுத்தது. அவர் பேரைச் சொன்னார், கணக்கு எண்ணைச் சொன்னார், கையெழுத்தும் போட்டார். தலித் விடுதலை பேசுகிற, கவிதை எழுதுகிற நான் கவுண்டருக்குள் கூனிக் குறுகிப்போனேன். எதிரில் இருப்பவனை விட்டுவிட்டு அவனைப் பற்றி இன்னொருத்தரிடம் விசாரிப்பது... இது ஊர்க்காரன் நம் அப்பன் பாட்டன்களிடம் காட்டிய பார்வை அல்லவா? அது என் கண்ணுக்குள் எப்படி வந்தது?

அந்த ஓரடி தற்செயல் அல்ல. மூணு மாசப் பயிற்சியில் கற்றுக்கொண்டதாம். மனிதரை மையப்படுத்திய ஆதரவு என்று அதற்குப் பேர். எப்போது எழுவது, என்ன தின்பது, யார் தன்னைத் தொடுவது என்பதை ஆதரவு பெறுகிறவர்தான் சொல்வார். சொல்லமுடியாதவரின் முகத்தை, கையசைவை, மௌனத்தைப் படிக்கக் கற்பதுதான் பராமரிப்பாளரின் படிப்பு.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பயிற்சி வேறு. பெல்ட் ஓடும், மனுச உடம்பு அதன் வேகத்துக்கு வளையவேண்டும். காப்பகங்களும் பெரும்பாலும் இந்தப் பெல்ட்டைத்தான் ஓட்டுகின்றன. ஆறு மணிக்கு எல்லாருக்கும் குளியல், ஏழரைக்கு எல்லாருக்கும் உப்புமா. மனிதரை மையப்படுத்துவது என்றால் பெல்ட்டை நிறுத்துவது. மனுசனுக்கு ஏற்ப வேலை வளையவேண்டும்.

வளைய மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓடமுடியவில்லை. 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை உரிமை என்றது. 1993-ல் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் கிடந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்து, நாலைந்து பேராகக் குடிவைத்தது. உடனிருந்து உதவுகிறவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். பெரிய பட்டம் இல்லாதவர்கள். இதற்குப் படிப்பாளித் திமிர் வேண்டாம், பயிற்சியும் மனசும் போதும் என்பதற்கு அவர்களே சான்று.

இதுவரை சரி. ஆனால் கிளம்பும்போது அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார். “காலையில ஒரு வீட்ல பெரியவரைக் குளிப்பாட்டுறேன். பீ மூத்திரம் நாந்தான் அள்ளுறேன். எனக்குத் தனி டம்ளர் சார்.”

இங்கேதான் நாம் பேசவேண்டியிருக்கிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே படிப்படியாகப் பிரிப்பது என்று 1936-லேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். பராமரிப்பு வேலைக்குள்ளும் அதே படிகள்தான். மாத்திரை கொடுக்கிற கை மேலே, மலம் துடைக்கிற கை கீழே. சமைக்க ஆள் கேட்கும்போது சாதி கேட்கிறான். அள்ள ஆள் கேட்கும்போது கேட்பதில்லை, அதுவே பதில் என்று நினைத்துக்கொள்கிறான். எதிரிலிருப்பவரை மனுசராகப் பார் என்று இவருக்கு மூணு மாசம் பாடம் நடத்துகிறோம். இவரை மனுசராகப் பார்க்க அந்த வீட்டுக்கு யார் பாடம் நடத்துவது?

மனிதரை மையப்படுத்துவது என்றால் அங்கே இருப்பது இரண்டு மனிதர்கள். ஒருத்தருடைய மானத்தை இன்னொருத்தருடைய அவமானத்தில் கட்டமுடியாது. ஆகவே சொல்கிறோம்: பராமரிப்புப் பயிற்சி எங்கே நடந்தாலும் தீட்டும் சாதியும் அதில் ஒரு பாடமாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளே அங்கே ஆசிரியர்களாக நிற்கவேண்டும். மலம் துடைப்பது எல்லாப் பயிற்சியாளருக்கும் பொது வேலையாக வேண்டும். ஏஜென்சி சாதி கேட்கக்கூடாது. சேவை, தியாகம், தாய்மை என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைக்கிற சூதும் ஒழியவேண்டும். திறமை என்றால் திறமைக்கு உரிய சம்பளம்!

மாணவத் தோழர்களே, உங்கள் காலனியிலேயே திண்ணையில் ஒருத்தர் கிடப்பார். “அவனுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்பார்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அவரிடமே கேளுங்கள். கொஞ்சம் நேரமாகும். நாமும் காத்திருந்தவர்கள்தானே.