எந்த டி.வி. சொல்வது நிஜம்?
ஓட்டர் பாடு திண்டாட்டம்!

செங்கல்பட்டு ரெயில் நிலைய வாசல். சாயங்காலம் மின்சார ரெயிலை விட்டு இறங்குகிற கூட்டம் டீக்கடையில் ஒதுங்குகிறது. தேர்தல் சீசன் வந்தால் கடைக்காரருக்கு ஒரே தலைவலி. எந்த டி.வி.யைப் போடுவது?

ஒரு டி.வி.யில் தலைவர் பேசுகிறார். மக்கள் வெள்ளம் அலைமோதுகிறது! அடுத்த சேனலைத் தட்டினால் அதே கூட்டத்தில் காலி நாற்காலிகள்! "எவன் சொல்றதைத்தான் நம்புறது?" என்று கிளாசை வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார் ஓட்டர்.

கட்சிக்கு ஒரு சேனல்!

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1993-ல் சன் டி.வி. வந்தது. 1999-ல் ஜெயா, 2006-ல் மக்கள், 2007-ல் கலைஞர், 2010-ல் கேப்டன், 2018-ல் நியூஸ் ஜெ. எல்லாமே ஏதாவது ஒரு கட்சிக்கோ, தலைவர் குடும்பத்துக்கோ, உறவுக்காரர்களுக்கோ வேண்டியவையாகத்தான் பிறந்தன. 2006 தேர்தலில் இலவச கலர் டி.வி. தருவதாக தி.மு.க. சொன்னது. ஜெயித்து வந்து கொடுக்கவும் செய்தது. பெட்டி வீட்டுக்குள் வந்தது. பெட்டியோடு கட்சிச் சண்டையும் வந்து உட்கார்ந்து கொண்டது.

2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதி கைதானார். போலீசார் அவரை இழுத்துச் செல்லும் காட்சியை சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. மத்திய மந்திரிகள் போலீசாரைத் தள்ளும் காட்சியை ஜெயா டி.வி. காட்டியது. நடந்தது ஒரே ராத்திரி. ஊருக்குக் கிடைத்ததோ இரண்டு கதை!

பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா? 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போட்ட கூத்தைப் பற்றி பிரஸ் கவுன்சிலே 2010-ல் அறிக்கை தயாரித்தது. மை பூசிய கை எல்லார் கையும்தான்.

கேமரா போன பிறகு...

2019 அக்டோபர் 11, 12. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஜி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். உலகத்துக் கேமரா எல்லாம் அர்ச்சுனன் தபசு முன்னால் நின்றது. ரோடெல்லாம் பளபளத்தது. தலைவர்கள் போனார்கள். கேமராவும் மூட்டை கட்டியது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நெம்மேலி. 2013 முதல் கடல் தண்ணீரைக் குடிநீராக்கி சென்னைக்கு அனுப்பும் ஊர். கரையைக் கடல் தின்கிறது என்று மீனவர்கள் வருஷக்கணக்கில் கரடியாய்க் கத்துகிறார்கள். தேர்தல் விவாதத்தில் இதற்கு எத்தனை நிமிஷம்?

செங்கல்பட்டு தடுப்பூசி ஆலையும் அப்படித்தான். பல நூறு கோடி ரூபாயில் கட்டியும் சும்மா கிடந்தது. 2021 ஏப்ரல் 6-ல் கொரோனாவுக்கு நடுவே ஓட்டுப்பதிவு. மே 25-ல் முதல்-அமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். விஷயம் பெரிதானது ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான்!

கோபம் யாருக்கு லாபம்?

"எல்லாரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைங்க. ஓட்டாவது, மண்ணாவது!" என்பது பலர் பேச்சு. நியாயமான கோபம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூர் தொகுதியில் 2021-ல் வெற்றி, தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 2,000 ஓட்டுக்கும் குறைவு. நாலு தெருக்காரர்கள் வீட்டில் படுத்திருந்தால் முடிவே தலைகீழ்! ஆறு லட்சத்துக்கும் மேல் ஓட்டர்கள் இருந்த சோழிங்கநல்லூரிலோ பாதிக்குச் சற்று மேல்தான் ஓட்டு விழுந்தது.

'நோட்டா' 2013-ல் வந்தது. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் சட்டசபைக்குப் போவார்.

காசுக்குப் போட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால், மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்கிறது. புகார் கொடுக்கலாம். நிரூபணமானால் அந்தச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும். 2022 முதல் சட்டசபை வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். கணக்கு உதைத்தால் அவருக்குத்தான் கஷ்டம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் டி.வி. கேட்காததைத் தெருவில் நிறுத்திக் கேளுங்கள். அரிக்கிற கரைக்கு என்ன வழி? பாலாற்றுக்கு என்ன வழி? பதில் சொல்லட்டும்!

டி.வி. பிடிக்காவிட்டால் சேனலை மாற்ற ரிமோட் உண்டு. ஜெயித்துப் போனவருக்கு ஐந்து வருஷம் ரிமோட் கிடையாது!