கால்சட்டைக் கோயிலின் சுவர்

பழைய தேவாலயம் என்றாலே கூர்வளைவையும் மணிக்கூண்டையும் வண்ணக் கண்ணாடியையும் படமெடுத்துப் பகிர்கிறோம். விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம் என்றால் மரியாதை இன்னும் கூடிவிடுகிறது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து மாணவர்களோடு உட்காரும்போது நாங்கள் முதலில் விரிப்பது கட்டடத்தின் தரைப்படத்தைத்தான். யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதை அதுவே சொல்லிவிடும்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைப் பாருங்கள். 1872இல் எழுந்தது. இரண்டு நீண்ட கூடங்கள் விலகி நின்று, பீடத்தருகே மட்டும் சேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், இடையில் சுவர். பீடம் இரு பக்கத்தாருக்கும் தெரியும், பக்கத்துக் கூடத்தார் முகம் தெரியாது. கால்சட்டையை விரித்துப் போட்டதுபோல் இருப்பதால் 'கால்சட்டைக் கோயில்' என்று பெயர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சாதியை அளந்து, செங்கல் கணக்குப் போட்டு, திருச்சபையே கட்டிக்கொடுத்த கட்டடம் அது. 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஊரில்தான். அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்தது 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் தரும் வேளையில்தான்!

1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரிவினை எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

தோழர்களே, இந்தச் சண்டையில் நேருக்கு நேர் நின்ற இரு தரப்பும் தலித்துகள் அல்லர். அவர்களுக்கிடையிலேயே இவ்வளவு என்றால், நம் மக்களுக்குக் கிடைத்த இடம் எது? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் நம்மைப் பிரித்து வைத்த சுவரை எதிர்த்து நம் காலத்திலும் போராட வேண்டியிருந்தது. அரசோ 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது என்கிறது. கோயிலுக்குள் சாதி உண்டு, சான்றிதழில் மட்டும் இல்லை. இது என்ன நியாயம்?

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதியில், திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டை மையமாக வைத்து வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி பறையர்களிடையே வேலை செய்தார். சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்பதை 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை அரசின் முன் வைத்தது. அடுத்த ஆண்டே பஞ்சமி நில ஆணை வந்தது. அப்படிப்பட்ட சேரியில் ஒரு சின்ன ஜெப வீடு எழுவதே நிலத்தைப் பற்றிய கேள்விதான். உள்ளே சுவர் எழுப்பத் தேவையில்லை, ஊரே பிரிந்து கிடந்தது.

அடுத்த முறை உங்கள் ஊர் தேவாலயத்தைப் படமெடுக்கும்போது மனை யார் பெயரில் இருந்தது, கல்லறை எந்தப் பக்கம், எத்தனை வாசல் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாங்கள் ஈக்காட்டிலிருந்து தொடங்குகிறோம்.