கையெழுத்துக்கு மேலே உள்ள சொற்கள்

வங்கித் தேர்வுக்குப் படித்துவரும் மாணவி ஒருவர், அண்மையில் தம் தந்தையுடன் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். கையில், கடினமான ஆங்கிலச் சொற்களை அகரவரிசையில் எழுதிவைத்த குறிப்பேடு. நண்பர் ஒருவரின் கடனுக்கு 'கேரன்டர்' ஆகக் கையெழுத்திடத் தந்தை வந்திருந்தார். அச்சொல்லின் பொருள் என்னவென்று மகளிடம் கேட்டோம். "சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்" என்றார், தயங்காமல். 'ஜாமீன்தாரர்' என்று நாங்கள் திருத்தியதும் தந்தையின் முகம் மாறியது.

சாட்சியிடம் வங்கி பணம் கேட்பதில்லை; ஜாமீன்தாரரிடம் கேட்கும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, கடன் பெற்றவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு. கடன் பெற்றவர்மீது எல்லா நடவடிக்கைகளும் எடுத்து முடித்த பிறகே ஜாமீன்தாரரை நாடவேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை. 1968இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

தேர்வுக்காக அரிய சொற்களை மனனம் செய்வதை நாங்கள் குறைகூறவில்லை. நாங்களும் அவ்வழி வந்தவர்களே. (அவற்றுள் பாதி, தேர்வறை வாசலிலேயே உதிர்ந்துபோயின என்பது வேறு.) ஆயினும், நாம் கையெழுத்திடும் தாளில் உள்ள சொற்களையே முதலில் கற்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

'அடமானம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வங்கி ஆவணம் அதனைப் பிரித்துப் பேசும். நகைக்கடனில் நகை வங்கியின் பெட்டகத்துக்குள் வந்துவிடுகிறது, அது 'பிளெட்ஜ்'. வாகனக் கடனில் வண்டி உங்களிடமே இருக்கும், பதிவுச் சான்றிதழில் மட்டும் வங்கியின் பெயர் ஏறும், அது 'ஹைப்பாதிகேஷன்'. வீடு, நிலம் எனில் 'மார்ட்கேஜ்'. கடனை அடைத்த பின்னும் அந்தப் பெயரை நீக்காமல் விட்டுவிட்டு, வண்டியை விற்கும்போது அலைபவர்கள் பலர். 'நாமினி' என்பவரும் வாரிசு அல்லர். வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுடையவர், அவ்வளவே.

எங்கள் பக்கமும் குறையுண்டு. கணக்குத் தொடங்கும் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. கடன் ஒப்பந்தங்கள் பலவும் இன்னும் ஆங்கிலத்திலேயே உள்ளன. வரிசை நீளும் நாளில், "இங்கே, இங்கே" என்று விரலால் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு சொல்லைச் சுட்டிப் பொருள் கேட்கும் வாடிக்கையாளரை, நேரத்தை வீணடிப்பவராக எந்த அலுவலரும் கருதலாகாது.

அன்று அந்தத் தந்தை கையெழுத்திடவில்லை. நண்பரிடம் பேசிவிட்டு வருவதாகக் கூறி எழுந்தார். மகள் மட்டும் சற்று நின்று, குறிப்பேட்டில் 'ஜி' எழுத்துக்குரிய பக்கத்தைப் புரட்டி எழுதிக்கொண்டிருந்தார்.