ஊசி போடச் சொல்ற அரசு, இழப்பீட்டுக்கும் சட்டம் போடணும்



2017 பிப்ரவரியில தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? 9 மாசக் குழந்தையில இருந்து 15 வயசுக்குட்பட்ட எல்லாருக்கும். அப்ப வாட்ஸ்அப்ல சுத்துன புரளி கொஞ்சநஞ்சமில்ல. நான் இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்த நேரம். புன்னக்காயல்ல எங்க அத்தைகிட்ட உக்காந்து, இதெல்லாம் பொய், தம்பிக்கு ஊசி போடுங்கன்னு அரை மணி நேரம் பேசுனேன். முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "சரில, போட்டுருதேன். ஏதும் ஆயிட்டுன்னா யாருல பதில் சொல்லுவா?"

என்கிட்ட பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல.

அந்தப் பயம் வானத்துல இருந்து குதிக்கல. 2008 ஏப்ரல் 23. திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட அன்னிக்கே நாலு பச்சைக் குழந்தைங்க இறந்தாங்க. அதுக்கப்புறம் கிராமத்துக்குள்ள போய் ஊசி போடுறத நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்துனாங்க. தேசிய குடும்பநல ஆய்வுப்படி, எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06-ல நம்ம மாநிலத்துல 80.9 சதவீதம். 2015-16-ல 69.7. காரணம் பல இருக்கலாம், பயமும் அதுல ஒண்ணுன்னுதான் நான் நினைக்கிறேன். (அடுத்த ஆய்வுல 89-ஐத் தொட்டோம். அந்தப் பெருமை நம்ம கிராம சுகாதார செவிலியர்களுக்குத்தான்.)

யாரோ தப்பு பண்ணித்தான் பாதிப்பு வரணும்னு இல்ல. போலியோ சொட்டு மருந்துல இருக்கிறது வீரியம் குறைச்ச உயிருள்ள வைரஸ். சுமார் 27 லட்சம் டோஸுக்கு ஒரு குழந்தைக்கு அந்த மருந்தாலயே வாதம் வரலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மருந்து சரி. செவிலியர் சரி. ஆனா அந்த ஒரு புள்ளைக்குக் கால் போச்சு. 2014-ல போலியோ இல்லாத நாடுன்னு நாம சான்று வாங்குனோமே, அந்தக் குடும்பத்துக்கு நாடு என்ன கொடுத்துச்சு?

கோர்ட்டுக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. சிவில் வழக்குன்னா யார் மேல அலட்சியம்னு நிரூபிக்கணும். யாருமே அலட்சியமா இல்லைன்னா? வழக்கு நிக்காது. நுகர்வோர் கோர்ட்டும் கிடையாது. எல்லாருக்கும் இலவசமா கொடுக்கிற அரசு மருத்துவ சேவை அந்தச் சட்டத்துக்குள்ள வராதுன்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கொரோனா ஊசி மரண வழக்குல 2022 நவம்பர்ல ஒன்றிய அரசு தாக்கல் பண்ணுன மனுவுலயும் இதே கதைதான்: அரசு பொறுப்பேற்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்க. இதுல வேடிக்கை என்னன்னா, பரிசோதனைக் கட்டத்துல ஒரு மருந்தால பாதிக்கப்பட்டா 2019 விதிகள்படி இழப்பீடு உண்டு. அதே மருந்து அரசுத் திட்டத்துக்கு வந்துட்டா கிடையாது!

நம்ம கடற்கரைக்காரனுக்கு இதைப் புரிய வைக்க சட்டப் புத்தகமே வேண்டாம். ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் தடைக்காலம். மீன்வளம் பெருகணும், அது எல்லாருக்கும் நல்லது. அதனால விசைப்படகு கரையில நிக்குது, மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் கொடுக்குது. யார் தப்புன்னு அங்க யாரும் கேக்குறதில்ல. ஊர் நன்மைக்காக ஒருத்தன் இழந்தா ஊர் ஈடு கட்டணும், அவ்வளவுதான் கணக்கு. ஊசிக்கும் அதே கணக்கு ஏன் இல்ல?

பிரிட்டன்ல 1979-லயே சட்டம் வந்தாச்சு. கடுமையா பாதிக்கப்பட்டா 1,20,000 பவுண்டு. அமெரிக்காவுல 1986 சட்டம்: ஒவ்வொரு டோஸ் மேலயும், அது தடுக்கிற நோய் ஒண்ணுக்கு 75 சென்ட் வரி, அதுல ஒரு நிதி. அதனால அங்க தடுப்பூசித் திட்டம் இழுத்து மூடப்படல.

இங்க பாதி வேலை முடிஞ்சே இருக்கு. ஊசிக்குப் பின் வர்ற பாதிப்பை விசாரிக்க மாவட்டக் குழு, மாநிலக் குழு ரெண்டும் இருக்கு. பாதிப்புக்குக் காரணம் மருந்தா, போட்ட விதமா, தற்செயலான வேற நோயான்னு வகைப்படுத்துறாங்க. மருந்துதான்னு எழுதுன ஃபைல் அதோட மூடிருது. அந்த ஃபைல்ல இருந்து ஒரு காசோலை கிளம்பணும், அவ்வளவுதான் கேக்குறோம். பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியல்ல இருக்கு, டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல. நிவாரண அறிவிப்பு தயவு. நாங்க கேக்குறது சட்டம்.

புதன்கிழமை ஊசிக்கு உங்க புள்ளையக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. போட்டபிறகு அரை மணி நேரம் அங்கயே இருங்க. தாய்-சேய் அட்டைய பத்திரமா வைங்க. என்ன மாற்றம் தெரிஞ்சாலும் செவிலியர்கிட்ட சொல்லி, எழுத்துல பதிவு பண்ணச் சொல்லுங்க. உங்க தொகுதி எம்எல்ஏவை டேக் பண்ணி இந்தப் பதிவைப் பகிருங்க.

#தடுப்பூசி_இழப்பீட்டுச்_சட்டம்