வலம்புரியும் செம்புப் படலமும்

ஆர்.எஸ்.மங்கலத்திற்குக் கிழக்கே விரியும் பாக் நீரிணையிலும், தெற்கே மன்னார் வளைகுடாவிலும் சங்கு குளிப்போர் நெடுங்காலமாக அறிந்த உண்மை ஒன்றுண்டு. கிடைப்பவை பெரும்பாலும் இடம்புரிச் சங்குகளே. வலம்புரி மிக அரிது. இரண்டும் ஒரே சுண்ணாம்பால் ஆனவை. சுழற்சி மட்டுமே வேறு. இடக்கையும் வலக்கையும்போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம். இவ்வேறுபாட்டை வேதியியலார் கைரல் தன்மை என்பர்.

சங்கில் இது விலையை மாற்றுகிறது; மூலக்கூறில் உயிரையே காக்கிறது. நம் உடலின் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. நடுக்குவாதத்திற்கு மருந்தாவது எல்-டோபா என்னும் இடக்கை வடிவமே. அதன் மறுவடிவம் உதவாது. ஆனால், ஆய்வகத்தில் பொதுவாக இரண்டும் சமமாகக் கலந்தே உருவாகின்றன. பிரித்தெடுப்பதே பெரும்பாடு. 1848இல் லூயி பாஸ்டர் இருவகைப் படிகங்களைக் கையாலேயே பிரித்தார். பின்னர்க் காந்தத்தைக் கொண்டு கைரல் படிகங்களை வளர்க்க முயன்று தோற்றார். காந்தப்புலம் மட்டும் அதற்குப் போதாது.

மின்னோட்டம் துணைசேர்ந்தால் நிலைமை மாறுகிறது. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் இவாவோ மோகியும் உடன் ஆய்வாளர்களும் 5 டெஸ்லா வரையிலான காந்தப்புலத்தில் செம்பைப் படியவைத்தனர். நகரும் அயனிகளை லாரன்ஸ் விசை திருப்ப, மின்வாய்க்கு அருகே கரைசல் சுழல்கிறது. அச்சுழற்சி படலத்தில் திருகுபோன்ற தடத்தைப் பதிக்கிறது. அப்படலத்தையே மின்வாயாகக் கொண்டு சோதித்தால், இடக்கை அலனினும் வலக்கை அலனினும் வெவ்வேறு அளவு மின்னோட்டம் தருகின்றன. காந்தப்புலத்தைத் தலைகீழாக்கினால் படலத்தின் கையும் மாறுகிறது. அச்சும் இல்லை, வார்ப்பும் இல்லை! கரைசலில் சிறிது குளோரைடு கலந்தாலும் விளைவு வேறுபடுவதால், தொழிற்சாலைப் பயன் இன்னும் தொலைவில்தான் உள்ளது.

முலாம் பூசுதலைக் கடைத்தெருத் தொழில் என்று நம்மவர் ஒதுக்கிவிடுகின்றனர். அது தவறு என்பேன். பயன் என்ன என்று தொடக்கத்திலேயே கேட்டு ஓர் ஆய்வை மூடிவிடுவதும் தவறே. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. வறண்ட மண் என்று பலர் முகம் சுளித்த மாவட்டம் இது! ஆர்.எஸ்.மங்கலத்து மாணவர், திருவாடானை, தேவகோட்டை வழியே பேருந்திலேயே அங்குச் சென்றுவிடலாம். வேதி, மின்வேதிப் பொறியியலில் இளநிலைப் படிப்பும் அங்கு உண்டு. அடுத்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் எழுதுவோர், கணினிப் பிரிவுகளுக்கு நடுவே இதற்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.