தண்டனையில்லாத ஒரு கடமை

விளையாட்டு என்றதும் வெற்றியும் தோல்வியுமே நம் நினைவுக்கு வருகின்றன. கோப்பையை வென்றவர் யார், எத்தனை புள்ளிகள் என்றுதான் கேட்கிறோம். ஆடி முடித்தவர்கள் மைதானத்தை எந்த நிலையில் விட்டுச் சென்றார்கள் என்று நாம் கேட்பதுண்டா? அந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் கேட்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே கோல்ஃப். எங்களில் எவரும் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. செல்வர்களின் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்கிவிடுவதும் எளிது. ஆயினும் அதன் ஒழுக்க முறைகளுள் ஒன்று நம் அனைவருக்கும் உரியது என்பது எங்கள் கருத்து.

கோல்ஃப் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த ஆட்டம். அதன் விதிகளில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவை 1744ஆம் ஆண்டில், எடின்பரோ நகரை அடுத்த லீத் என்னும் ஊரில் எழுதப்பட்ட 13 விதிகளாகும். அந்நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1867ஆம் ஆண்டிலேயே மகளிர் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்து ஆடத் தொடங்கினர். நம் நாட்டிலோ கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே ஒரு கோல்ஃப் கழகம் தோன்றிவிட்டது.

ஒரு முழு ஆட்டத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பட்டுக் கம்பளம் விரித்தாற்போன்ற பசும்பரப்பு ஒன்று இருக்கும். இதனைக் ‘கிரீன்’ என்பர். இங்கே புல்லைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்திற்கு ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். வெப்ப நாடுகளில் இதற்குப் பெரிதும் பயன்படும் பெர்முடாப் புல் வேறெதுவுமன்று. நம் வரப்புகளில் வளரும் அருகம்புல்லின் இனமேயாகும். குழியின் அகலம் 4¼ அங்குலம்தான். பந்தை மெல்லத் தட்டி, உருட்டி, அதனுள் விழச்செய்ய வேண்டும். வழியில் சிறு மேடோ பள்ளமோ இருந்தால் போதும், பந்து திசை மாறிவிடும்.

தொலைவிலிருந்து அடிக்கப்பட்ட பந்து உயரத்திலிருந்து இந்த மெல்லிய பரப்பின்மேல் விழும்போது ஒரு பள்ளம் உண்டாகிறது. புல் நசுங்குகிறது, ஓரம் மேலெழும்பி நிற்கிறது. அதனை அப்படியே விட்டால், மறுநாள் புல்வெட்டும் இயந்திரம் அந்த மேட்டைச் சீவிவிடும். புல் பட்டுப்போய் அங்கே ஒரு தழும்பு தங்கிவிடும். ஒரு நாளில் எத்தனையோ பேர் ஆடும் இடத்தில் ஒவ்வொருவரும் இவ்வாறு விட்டுச் சென்றால் அந்தப் பரப்பின் கதி என்னவாகும்?

ஆகவே நல்ல ஆட்டக்காரர் தம் சட்டைப் பையில் சிறு கவட்டைக் கருவி ஒன்றை வைத்திருப்பார். பரப்பை அடைந்ததும் தம் பந்து உண்டாக்கிய பள்ளத்தைத் தேடிக் குனிவார். பள்ளத்தின் வெளி ஓரத்தில் கருவியைக் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கி மெல்லத் தள்ளுவார். சுற்றிலும் அவ்வாறு செய்தபின் மட்டையின் அடிப்புறத்தால் தட்டிச் சமன் செய்வார். அரை நிமிட வேலைதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பள்ளத்தின் நடுவில் குத்தி மண்ணை மேலே நெம்பினால் பள்ளம் நிறைந்ததுபோல் தோன்றும். ஆனால் வேர்கள் அறுந்துபோகும். புல் பிழைப்பதற்கு வெகுநாள் ஆகும். எனவே நல்லெண்ணம் மட்டும் போதாது. செய்யும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். கிழிந்த நூலகப் புத்தகத்தைக் கண்ட பசையால் ஒட்டி, இரண்டு பக்கங்களைப் பிரிக்க முடியாமல் ஆக்கிவிடுகிறவர்கள் இதனை நினைவில் கொள்ளலாம்.

விதிநூல் இதுபற்றிக் கூறுவதுதான் எங்களை மிகவும் கவர்ந்தது. 2019ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்படும் வரை, நூலின் தொடக்கத்திலேயே ‘நல்லொழுக்கம்’ பற்றிய பகுதி இருந்தது. பந்தால் உண்டான பள்ளத்தைத் தாம் உண்டாக்கியிருந்தாலும் பிறர் உண்டாக்கியிருந்தாலும் கவனமாகச் சரிசெய்ய வேண்டும் என்று அது கூறிற்று. திருத்திய நூலிலோ அக்கடமை முதல் விதியிலேயே இடம் பெற்றுள்ளது. ஆயினும் பள்ளத்தைக் கவனியாமல் போகிறவருக்குப் பொதுவாகத் தண்டனைப் புள்ளி எதுவும் கிடையாது!

தண்டனையில்லாத கடமை; பரிசும் இல்லாத கடமை. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், எவரும் காணாதிருந்தும் தம் பந்து அசைந்துவிட்டது என்று தாமே அறிவித்துத் தண்டனைப் புள்ளியை ஏற்றுக்கொண்டார் பாபி ஜோன்ஸ். அந்த ஒரு புள்ளி இல்லாதிருந்தால் அவரே வென்றிருப்பார். உலகம் அவர் நேர்மையை இன்றளவும் போற்றுகிறது. ஆனால் பள்ளத்தைச் சரிசெய்தவரை யார் போற்றுகிறார்கள்? அவரால் நன்மை பெறுபவர் பின்னால் வரும் முகமறியாத ஒருவர். நன்மை பெற்றதே அவருக்குத் தெரியாது.

“இதற்கெல்லாம் சம்பளம் வாங்கும் பணியாளர் இருக்கிறாரே” என்று சிலர் கேட்கலாம். பணியாளருக்குப் புல் வெட்டுவது, நீர் பாய்ச்சுவது, மணல் தூவுவது என்று வேலை நிறையவே உண்டு. ஆட்டக்காரர்களின் அலட்சியத்தை அள்ளுவதும் அவர் தலையில் விழவேண்டுமா? பையைச் சுமந்து உடன் செல்லும் ‘காடி’களையும் நாம் தாழ்வாக எண்ணலாகாது. டெல்லியில் காடியாக இருந்த அலி ஷேர் 1991ஆம் ஆண்டில் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஜப்பானியரான ஹிடெகி மட்சுயாமா வென்றபோது, அவருடைய காடி கொடிக்கம்பை மீண்டும் குழியில் நட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மைதானத்தை நோக்கித் தலை வணங்கினார். ஆடுவதற்கு இடம் தந்த மண்ணுக்கு அது நன்றியன்றோ!

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. இழுத்த தேரை நிலைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதே ஊராரின் கடமைதான். தோழியரே, நமக்குக் கோல்ஃப் மைதானம் இல்லை. ஆனால் வகுப்பறை உண்டு. நாம் எழுதிய கரும்பலகை, நாம் கீறிய மேசை, நாம் திறந்துவிட்ட குழாய், நாம் உண்ட இடத்தில் சிந்திய சோறு ஆகியவை நம் பள்ளங்கள். ஆயா வந்து கூட்டுவார் என்று எழுந்து போகிறோம். மேசையில் பெயர் செதுக்கிவிட்டுப் போகிறவள், அடுத்த ஆண்டு அங்கே அமரப்போகும் தங்கையை எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்டிப்பார்கள் என்ற அச்சத்தால் செய்வது ஒழுங்கு. கண்டிக்க எவரும் இல்லாதபோதும் செய்வதே பண்பு. நல்ல ஆட்டக்காரர் தம் பள்ளத்தோடு அருகிலுள்ள இன்னொன்றையும் சரிசெய்துவிட்டே நகர்வார் என்பர். நாமும் நம்முடையதைச் சரிசெய்வோம். கூடவே பிறருடையது ஒன்றையும் சரிசெய்வோம். நமக்குப்பின் வருவோர்க்கு நாம் அமர்ந்த இடத்தைச் செம்மையாக விட்டுச்செல்வோமாக!